மருந்துக் கம்பெனி: குத்தகையா, வாரமா?

"மருந்துக் கம்பெனி நம்ம பணத்தைக் குத்தகைக்குக் கேக்குதா, வாரத்துக்குக் கேக்குதா?" என்று முன்னிருக்கைப் பெண்மணி தம் கணவரிடம் கேட்டார். என் மனைவி மறைந்தபின் பிறர் பேச்சில் என் கவனம் சென்றது அன்றுதான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாகத் திருச்சி செல்லும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் அது. கணவரின் மடியில் கம்பெனியின் பழைய ஆண்டறிக்கைகள். சிறுவாச்சூர் நிலத்தை அன்றே பெரம்பலூரில் பத்திரம் பதிந்து விற்று, அந்தக் கம்பெனியின் புதுப் பங்குகளை வாங்கப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"மொதல்ல எல்லாம் பங்குப் பணம். சண்டைக்காலத்துல கம்பெனிக்காரன் வட்டிக்கு வாங்கித் தொழிலைப் பெருக்குனான். இப்ப அந்தக் கடனை அடைக்கப் புதுப் பங்கு போடுறான்" என்றார் கணவர்.

"வட்டின்னா, லாபம் வந்தாலும் வராட்டியும் குடுக்கணுமா?"

"ஆமா."

"அப்ப அது குத்தகை. பங்குக்கு?"

"லாபம் வந்தாத்தான் குடுப்பான். உனக்கு எல்லாமே வயக்காடுதான்."

"அது வாரம், வெளஞ்சாத்தான் பங்கு. ஏங்க, வெள்ளாமை வரும்னு நம்புறவன் நம்ம நெலத்தக் குத்தகைக்குக் கேப்பானா, வாரத்துக்கா?"

"குத்தகைக்குத்தான். மிச்சம் பூரா அவனுக்குல்ல?"

"அப்ப கம்பெனிக்காரன் ஏன் குத்தகைய வுட்டுட்டு வாரத்துக்கு ஆள் தேடுறான்?"

அவர் அறிக்கைகளை முதலிலிருந்து மீண்டும் புரட்டினார். பெரம்பலூர் வந்தது.

"ரிஜிஸ்தர் ஆபீஸ் போறவங்க இறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"நாங்க இறங்கலீங்க. சிறுவாச்சூருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றார் கணவர்.