வாரம் ஒரு பஞ்சர்

இல்ல இல்ல, நான் நின்னுக்கறேன் தம்பி. உக்காந்தா பின்சக்கரம் எனக்குத் தெரியாது. நீ வேலையப் பாரு, நான் பாட்டுக்கு ஓரமா நின்னு பாத்துட்டிருக்கேன். பாத்தா என்ன? முப்பது வருஷமா பாக்கறதுதான் என் பொழப்பு. தையல் ஃபேக்டரில செக்கிங். தைச்சு வர்ற சட்டையத் திருப்பிப் போட்டு, எங்க நூல் விட்டிருக்கு, எங்க ஒரு தையல் தாண்டியிருக்குன்னு பாத்துத் தள்ளிவிடறது. நான் தள்ளிவிட்ட சட்டைக்காக ஒருத்தரும் வந்து வாதாடினது கிடையாது. அதுக்காக நீ பயப்பட வேண்டாம். ஒழுங்கா செஞ்சா நான் ஏன் பேசப் போறேன்.

சரி, ஒண்ணு கேக்கறேன். இந்த சைக்கிள முன்னாடி பாத்திருக்கியா?

ஞாபகம் இல்லயா. ஓ. நீலக் கலர் லேடீஸ் சைக்கிள், முன்னாடி கூடை, கூடைல ஒரு கம்பி போய் அங்க வயர் சுத்தியிருக்கு, பெல் மட்டும் சிவப்பு. ஞாபகம் இல்ல. சரிதான், தினம் எத்தனையோ வண்டி வருது. ஆனா நான் தள்ளிட்டு வரும்போது நீ மொதல்ல சைக்கிளப் பாத்தே. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தே. அப்புறம் எனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு எட்டிப் பாத்தே. ஞாபகம் இல்லாத சைக்கிளுக்கு எதுக்குத் தம்பி எட்டிப் பாக்கணும்?

சும்மா கேட்டேன். கழட்டு, கழட்டு.

என் மருமகளோட சைக்கிள் இது. கண்ணாடிக் கடைல லென்ஸ் தேய்க்கறா. காலைல ஒம்பதுக்குப் போனா சாயந்தரம் அஞ்சரைக்குத்தான் வேலை முடியும். வீட்ல நானும் அவளும்தான். என் மகன் இல்ல. நாலு வருஷமாச்சு. காய்ச்சல்னு படுத்தான், ஒம்பதாம் நாள் போயிட்டான். அவ அவங்க அம்மா வீட்டுக்குப் போகாம என்கூடவே இருந்துட்டா. அதப் பத்திப் பேச வரல, விடு.

உன்கிட்ட பொதுவா ஒரு விஷயம் கேக்கணும். சைக்கிள் ஓட்டறவங்க அவங்க பஞ்சர அவங்களே ஒட்டக் கத்துக்கணுமா, வேண்டாமா? நீ என்ன சொல்றே?

கத்துக்கணும்ங்கறியா? அட. வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சு அதுக்குத்தான் நாலு கேள்வி வெச்சிருந்தேன். பஞ்சர் கடை வெச்சுட்டு, எல்லாரும் பஞ்சர் ஒட்டக் கத்துக்கணும்ங்கறே. ஒண்ணு நீ ரொம்ப யோக்கியனா இருக்கணும், இல்ல ரொம்ப விவரமா இருக்கணும். எதுன்னு இன்னும் எனக்குப் புடிபடல.

பாதி வழில நின்னுட்டா கஷ்டம்ங்கறியா? சரி. ஒத்துக்கறேன். நானும் அதான் சொல்றேன். அதென்ன பெரிய வித்தையா? டயரக் கழட்டு, டியூபத் தண்ணில முக்கு, குமிழி வர்ற எடத்தத் தேய், பசை தடவு, பேட்ச அழுத்து. சோறு வடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா? அப்போ வர்றவங்க கேட்டா சொல்லிக் குடுப்பியா? குடுப்பியா. என் மருமக கேட்டாளா?

பாத்தியா! அவங்க கேக்கலம்மான்னு பட்டுன்னு வந்துடுச்சு. இப்ப மட்டும் ஞாபகம் எங்கேருந்து வந்துச்சு?

பரவால்ல, திருதிருன்னு முழிக்காதே. பம்பக் கீழ வெச்சுடு, கால்ல விழப் போகுது.

நான் நேராவே வர்றேன். மூணு மாசம் முன்னாடி ஆரம்பிச்சு ஒம்பது வாரம் இந்த சைக்கிளுக்கு வாரம் ஒரு பஞ்சர். தவறாம. திங்கக்கிழமை சாயந்தரம் லேட்டா வருவா. என்னம்மான்னா, பஞ்சர் அத்தைம்பா. மொதல் வாரம் அய்யோ பாவம்னேன். ரெண்டாவது வாரம் ரோட்டத் திட்டினேன். மூணாவது வாரம் எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. யாரைச் சந்தேகப்பட்டேன்? உன்னைத்தான். ஒருத்தன் ஒரு ஓட்டைய அடைக்கறப்போ இன்னொரு ஓட்டையப் போட்டு அனுப்பறான், அடுத்த வாரம் திரும்ப வரட்டும்னு. இப்படிச் செய்யறவங்க இருக்காங்களா இல்லயா? கோவப்படாதே. உன்ன மாதிரி வாய் பேசாதவங்களத்தான் நான் மொதல்ல சந்தேகப்படறது.

ஒரு நாள் அவ குளிக்கப் போனப்போ டியூப நானே எடுத்துப் பாத்தேன். ஆமா, எனக்கும் கழட்டத் தெரியும், மகன் செய்யறதப் பாத்திருக்கேன்ல. இந்தா, நீயே இப்ப அந்த டியூபத் திருப்பு. உள்பக்கம். ரிம் பக்கமா. எண்ணு. ஒம்பது பேட்ச். வரிசையா, சட்டைக்கு பட்டன் வெச்ச மாதிரி. இப்ப சொல்லு. ஆணி எங்கேருந்து வரும்? ரோட்லேருந்து. ரோட்லேருந்து வர்ற ஆணி டயரத் தாண்டி, டியூபோட வெளிப்பக்கத்த விட்டுட்டு, சுத்திப் போய் உள்பக்கமா பாத்துக் குத்துமா? அவ்வளவு புத்திசாலி ஆணியா? அன்னிக்கு டயர்ல ஒரு கீறல் கிடையாது. கைவிட்டுத் தடவிப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு.

இத நான் கண்டுபிடிச்சேன்னா நீ மொதல் நாளே கண்டுபிடிச்சிருக்கணும். தொழில்காரன். ஒம்பது வாரம் ஒட்டியிருக்கே. ஒரு தடவகூட, ஏங்க, இந்த எடத்துல எப்படிங்க ஓட்டை விழும்னு கேக்கணும்னு உனக்குத் தோணலயா? வாயத் தெறக்காம ஒட்டி ஒட்டிக் குடுத்திருக்கே. பேட்ச் ஓரத்தப் பாரு, வட்டமா வெட்டி, மெல்லிசாத் தேய்ச்சு, நகத்த வெச்சுக் கிளப்பினாக்கூட எழும்பல. அந்தப் பக்கம் தொங்குதே இன்னொரு டியூப், அதுல சதுரமா வெட்டி அப்பியிருக்கே. எனக்குத் தெரியாதா? கை வேலைய வெச்சே ஆள் என்ன மனசுல தைச்சான்னு சொல்லிடுவேன்.

அந்த ஸ்டூலு. நான் உக்காரலன்னு சொன்னேனே, ஏன்னு நெனச்சே? உன் கடைல டப்பா, பெட்டி, பழைய டயரு, வர்றவங்க எல்லாம் அதுலதான் உக்காரறாங்க. அந்த ஒரு ஸ்டூலுக்கு மட்டும் மெத்தை வெச்சு உறை. துணி எங்க வீட்டு ஜன்னல் திரைச்சீலைல மிஞ்சினது. ஓரத்துல உள்மடிப்பு ரெண்டு தடவ மடிச்சுத் தைச்சிருக்கு, அது நான் அவளுக்குக் காட்டிக் குடுத்தது. மிச்சத் துணி எங்கம்மான்னு கேட்டேன், எலி கடிச்சுடுச்சு அத்தைன்னா. எலி நல்லாத்தான் தைச்சிருக்கு.

சிரிக்காதே. நான் இன்னும் உன்ன நம்பல.

அவளாவே குத்திக்கறான்னு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கறியா? ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சமையலறை ஜன்னல் வழியாப் பாக்கறேன். பின்வாசல்ல உக்காந்து ரெண்டு பழைய ஸ்பூன வெச்சு டயரக் கழட்டிட்டிருக்கா. என்ன வேகம்ங்கறே! என் மகன் கத்துக்குடுத்தது. கல்யாணம் ஆன புதுசுலயே கத்துக்குடுத்துட்டான். நான் இல்லாதப்போ நீ எங்கயும் நிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கத்துக்குடுத்தான். ஆமா தம்பி. அவளுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும். உன்னவிட வேகமா ஒட்டுவா. சரி, ஒட்டிக்கறா போலன்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். மறுநாள் திங்கக்கிழமை, காத்து இல்ல. நல்லா இருந்த டியூப எடுத்துக் குத்தி மறுபடி மாட்டியிருக்கா.

இது உனக்குத் தெரியாதா? அவளுக்கு ஒட்டத் தெரியும்ங்கறது தெரியாதா? நெஜமா? உன் மூஞ்சியப் பாத்தாத் தெரியலன்னுதான் தோணுது. அப்படியே வெச்சுக்கறேன்.

உன்னப் பத்திக் கொஞ்சம் சொல்லு. இல்ல, நீயே சொல்லு, அக்கம்பக்கத்துல விசாரிச்சது என்கிட்ட இருக்கு, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாக்கணும். கல்யாணம்? ஆகல. ஏன் ஆகல? முப்பத்தஞ்சு வயசுல ஏன் ஆகல? தங்கச்சிக்குப் பண்ணி வெச்சு, அப்பாவப் பாத்துக்கிட்டு... சரி. அது ஒத்துப் போகுது. குடி? மருந்துக்கடைக்காரர் இல்லன்னார், ஆனா அவர் யாரப் பத்தியும் நல்லதுதான் சொல்றாரு, அத நான் கணக்குல எடுக்கல. பின்னாடி ரூம்ல தனியா இருக்கே. தட்டு ஒண்ணு, டம்ளர் ரெண்டு. ரெண்டாவது டம்ளர் யாருக்குன்னு நான் கேக்கல.

அவகிட்ட என்ன பேசுவே?

ஒண்ணும் பேச மாட்டியா? அவதான் பேசுவாளா? அவளா? எங்க வீட்ல அவ ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேசினா அதிகம் தம்பி. இங்க என்ன பேசுவா? லென்ஸப் பத்தி. கடைக்கு வர்ற கெழவருங்க பத்தி. என்னப் பத்தியா? என்னப் பத்தி என்ன சொன்னா?

சரி. சொல்ல வேண்டாம். இல்ல, சொல்லு. அத்தை இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோன்னு சொன்னாளா. அப்படியா சொன்னா.

கொஞ்சம் தண்ணி குடு. அந்த ரெண்டாவது டம்ளர்லயே குடு, பரவால்ல.

நான் பண்ணின தப்பு என்னன்னு சொல்றேன் கேளு. ஒம்பதாவது வாரம் அவ லேட்டா வந்து நிக்கறா. மூஞ்சில ஒரு வெளிச்சம். வாய்க்குள்ள ஏதோ பாட்டு. எனக்கு என்னமோ எரிஞ்சுது. என் மகன் போட்டோ செவுத்துல இருக்கு, இவ பாடறா. நான் நேராக் கேட்டிருக்கலாம். கேக்கல. தட்டுல சோத்தப் போட்டுட்டுச் சொன்னேன்: நாளைலேருந்து பஞ்சர நீயே ஒட்டிக்கோ, என் மகன் அத உனக்கு எதுக்குக் கத்துக்குடுத்தான்னு. அவ்வளவுதான். அவ சாப்பிட்டா, தட்டக் கழுவினா, போய்ப் படுத்துட்டா.

அன்னிலேருந்து பஞ்சர் நின்னுபோச்சு. இந்த மூணு வாரம் அவ வரலதானே? நீயும் பாத்துட்டேதான் இருந்திருப்பே. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். சரியா அஞ்சே முக்காலுக்கு வீட்ல இருக்கா. துணி மடிக்கறா, செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. பாட்டு இல்ல. என்ன அத்தை இப்படிச் சொல்லிட்டீங்கன்னு ஒரு சண்ட போட்டிருந்தாக்கூட நான் தப்பிச்சிருப்பேன். அவளுக்கு முப்பத்திரண்டு வயசு தம்பி. முப்பத்திரண்டு வயசுல ஒருத்தி என் வீட்ல உக்காந்து கெழவியாயிட்டிருக்கா, அத நான் தினம் பாத்துட்டிருக்கேன்.

பயம்தான். உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. அவ போயிட்டா அந்த வீட்ல நான் ஒருத்திதான். யாரு சாப்பிட்டியான்னு கேப்பா? அந்தப் பயத்துல என் மகன் பேர எடுத்து அவளக் கட்டிப் போட்டேன். அவ எங்கயும் நிக்காம போறதுக்குத்தான் அவன் கத்துக்குடுத்தான். நான் அத வெச்சு அவள நிறுத்திட்டேன்.

சரி சரி, என்ன பாத்துட்டிருக்கே, வேலையப் பாரு. டியூபப் பாத்தாச்சுல்ல, டயர எடு. அய்யோ, அப்படியே உள்ள கை விட்டுத் தடவாதே தம்பி! இடுக்கி எடு. இடது பக்கம், வால்வுலேருந்து ஒரு சாண் தள்ளி. உள்ள ஊசி முனை ஒண்ணு உடைஞ்சு நிக்கும்.

எப்படித் தெரியும்னா? நான்தானே குத்தினேன். காலைல, அவ குளிக்கறப்போ. அவள மாதிரி எனக்கு நாசூக்கா வராது, டயரோட சேத்து சுத்தியலால அடிச்சேன். மூணு ஊசி போச்சு. அவ வெளில வந்து பாத்தா, காத்து இல்ல. ஸ்பூன எடுக்கப் போறாளோன்னு எனக்குத் திக்குனு இருந்துச்சு. நீ நடந்து போம்மா, நான் கடைல குடுத்துட்டு வரேன், சாயந்தரம் வரும்போது அங்கயே எடுத்துக்கோன்னேன். எந்தக் கடை அத்தைன்னா. நீ வழக்கமாப் போற கடைதான்னேன். தல வாரிட்டிருந்த சீப்பு அப்படியே நின்னுடுச்சு.

மணி என்ன ஆச்சு? அஞ்சு பத்தா. அப்போ ஒட்டாதே, அப்படியே வை. அவ வரட்டும். ஊசிக்கு என்ன சொல்றதுன்னு கேக்கறியா? ஒண்ணும் சொல்லாதே. அந்த முனைய அவ உள்ளங்கைல வெச்சுடு. எங்க வீட்டு ஊசிய அவளுக்குத் தெரியும்.