நடுப்பாலத்தில் பேட்டரி மாற்றியவர்

இரவு மூன்றரை மணி. தன்லியின் ஊருக்குப் போகிற ஆற்றுப் பாலம். மழை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாலம் நெடுக ஒரு விளக்கு எரியவில்லை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... கீழே ஆறு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

நிஹால், முதலில் அந்த டார்ச்சை அணை. கரண்டு வருகிறபோது வரட்டும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் யாராவது சிரித்தால் நான் பாட்டுக்கு எழுந்து தூங்கப் போய்விடுவேன். இது நம் பர்கத்துல்லாவின் மச்சான் அய்யூபுக்கு நடந்தது. இரண்டாயிரத்து ஒன்பது, மழைக்காலம். அய்யூப் பொய்யே சொல்லாத ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். கடைக்காரர்தானே, சொல்வார். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

ஆற்றுக்கு இந்தப் பக்கம், பசுந்தாங்கில், அவருக்குப் பேட்டரி சார்ஜ் போடுகிற கடை. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். இங்கே இருந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் இருக்காது. அங்கே வந்தால் இங்கே போய்விடும். விளக்குக்கும் டிவிக்கும் ஆளாளுக்குப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம். போதாக்குறைக்குச் சீனாவிலிருந்து மின்சார சைக்கிள் வேறு வந்து சேர்ந்தது. இந்தக் கரையில் ஏற்றிய சார்ஜ் அந்தக் கரை வரைக்கும் காணும். திரும்பி வர அங்கே மறுபடி ஏற்ற வேண்டும்.

அதனால் அய்யூபும், தன்லியினில் இதே கடை வைத்திருந்த செல்லையாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாடிக்கைக்காரர் ஆளுக்கு ஒரு தகர வில்லை, டோக்கன் மாதிரி. எந்தக் கடையில் வாங்கிய வில்லையானாலும் இரண்டு கடையிலும் செல்லும். அதைக் காட்டி, காலிப் பேட்டரியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை எடுத்துக்கொண்டு போகலாம். வில்லையை நீட்டுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நடந்தது வேறு. அக்கரை வில்லை வந்தால் அய்யூப் நல்ல பேட்டரியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சுமாரானதை எடுத்துக் கொடுப்பார். செல்லையா மட்டும் என்ன யோக்கியமா? அவரும் அப்படித்தான். அவரவர் வாடிக்கை அவரவருக்குப் பெரிசு.

பால் என்று ஒருவர். தன்லியின்காரர், பசுந்தாங்கில் ஒரு கம்பெனியில் கிளார்க். தினமும் மின்சார சைக்கிளில் பாலம் தாண்டி வந்து போகிறவர். ஒரு சாயங்காலம், நல்ல மழை... செல்லையா கடை வில்லையோடு வந்து நின்றார். அன்று முழுக்க ஏறிய பேட்டரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அய்யூப் தன் பழைய வாடிக்கைக்காரி அம்சவேணிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். இன்னொன்று அப்போதுதான் கொஞ்ச நேரமாகச் சார்ஜில் கிடந்தது. அதைக் கழற்றினார்.

அப்போதுதான் கழற்றிய பேட்டரி மீட்டரை ஏமாற்றும். முள் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. தொழில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாலுக்குத் தெரியாது. அய்யூப் மீட்டரை வைத்துக் காட்டினார்.

"ஃபுல்லு, பால் தம்பி. கண்ணை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போவலாம்."

நடுப்பாலத்தில் சைக்கிள் நின்றுவிட்டது. விளக்கும் போனது. மழை இருட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவரை ஒரு லாரி அடித்துவிட்டது. ஆள் அங்கேயே முடிந்துவிட்டார். மழை, லாரி, விதி என்று ஊர் பேசிற்று. பேட்டரியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாலின் மனைவி ரெபேக்காவை அய்யூப் அடக்கத்தன்று தூரத்திலிருந்து பார்த்தார். நான்கு எட்டு வைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. போதாததற்கு, அடுத்த மாதம் பசுந்தாங்கில் அவர் தெருவுக்கே கரண்டு இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் காலிப் பேட்டரிகளைச் சின்ன லாரியில் ஏற்றி, பாலம் தாண்டி, செல்லையா கடையில் சார்ஜ் போட்டு, விடிவதற்குள் திரும்ப வேண்டும். இடுப்பு விட்டுப்போயிற்று. கட்டியிருந்த லோஞ்சியெல்லாம் பேட்டரி ஆசிட் பட்டு ஓட்டை. இப்படிச் சார்ஜ் ஏற்றித் திரும்பி வந்த ஒரு ராத்திரிதான்... மூன்றரை மணி.

டிக்... டிக்... டிக்...

சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டு போனால் பின்சக்கரம் போடுமே, அந்தச் சத்தம். கூடவே ஒரு வாடை. பேட்டரி அதிகமாக ஏறிக் கொதித்தால் வருகிற அழுகிய முட்டை வாடை. கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது, ஆனாலும் வந்தது. லாரி விளக்கில் ஒரு முதுகு தெரிந்தது. நனைந்த வெள்ளைச் சட்டை. அய்யூபின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

முகத்தை அவர் பார்க்கவில்லை. சன்னலுக்கு வந்த கையைத்தான் பார்த்தார். ஈரமாக, வெளுத்துப்போய்... அதில் தகர வில்லை.

"மாத்திக் குடுங்க பாய்."

வேறு என்ன செய்வார்? பின்னால் போய் ஒன்றைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். காலையில் செல்லையா போன் செய்தார்.

"என்னா பாய், கடை வாசல்ல பேட்டரிய வச்சிட்டுப் போயிட்டீங்க? சொட்டு சார்ஜ் இல்ல."

மறுநாள் இரவும் அதே இடம். அதே கை. அதே வார்த்தை. காலையில் செல்லையாவின் வாசலில் இன்னொரு செத்த பேட்டரி.

மூன்றாம் இரவு அய்யூபுக்கு நடுக்கமே வரவில்லை. பயப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே! ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகைதான் வந்தது.

"இன்னும் எத்தனை மாத்தறது தம்பி? இதெல்லாம் சத்தியமா ஃபுல்லு. எடுத்துக்கிட்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதானே?"

தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"எதைப் போட்டாலும் நடுப்பாலம் தாண்ட மாட்டேங்குது பாய்... வீட்ல எறக்கி வுட்டுருங்க."

லாரியின் பின்பக்கம் கிரீச்சென்று அமுங்கியது. அய்யூப் பாலத்தின் மேலேயே வண்டியைத் திருப்பினார். திரும்பவும் தன்லியினுக்கே. வழி நெடுக அந்த வாடை கழுத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரெபேக்கா வீட்டுச் சந்தில் நிறுத்தியதும் வண்டி லேசாகி எழும்பியது. பின்னால் திரும்பிப் பார்த்தார்... பேட்டரிகள் மட்டும். அவற்றுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம்.

இருட்டாக இருந்த வீட்டுக்குள் ஒரு மெழுகுவத்தி எரிய ஆரம்பித்தது.

அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். சாவியில் கையும் வைத்தார். ஆனால் எத்தனை ராத்திரிதான் ஓடுவது? கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

ரெபேக்கா திறந்தாள். அழுது ஓய்ந்த முகம். அந்த நேரத்தில் வந்ததற்கு அவள் ஆச்சரியப்படவில்லை.

"வாங்க பாய். வண்டிச் சத்தம் கேட்டுச்சு."

அய்யூப் வாசலிலேயே நின்றார். நின்றபடியே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, அன்னிக்கு உம் புருஷனுக்கு நாங் குடுத்தது ஃபுல்லு பேட்டரி இல்ல. அரை மணி நேரந்தான் ஏறியிருந்துச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன். என்னைய என்ன வேணா செய்யி."

அவள் கதவில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தாள்.

"இருபது நிமிஷம்" என்றாள்.

அய்யூபுக்குத் தெரியும். இருபது நிமிடம்தான். அதைப் பெண்டாட்டியிடம்கூட அவர் சொன்னதில்லை. அந்தப் பேட்டரியைச் சார்ஜில் போட்டபோது கடையில் வேறு ஒருவரும் இல்லை.

ரெபேக்கா கதவை விட்டு நகராமல் உள்பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா... இப்பவும் பத்து நிமிஷம் கூட்டித்தான் சொல்றாரு."