ரெண்டே ரெண்டு பல்லு

...கடிக்கிறான் சிஸ்டர். செல்லக்கடி இல்ல, நெஜக்கடி. கீழ ரெண்டே ரெண்டு பல்லு, குருணை அரிசி மாதிரி. அத வச்சுக்கிட்டு இந்த ஆட்டம். நல்லாத்தான் பால் குடிப்பான். வயிறு ரொம்பினதும் நிமிந்து என் மூஞ்சியப் பாப்பான், ஒரு சிரிப்பு சிரிப்பான், அப்புறம் நறுக்குனு... நீங்க ஏன் வயித்தப் புடிச்சுக்கிறீங்க? ஏழு மாசமா? அட, இன்னும் நெறைய டைம் இருக்கு லா. பொறக்கும்போதே பல்லோட வராது, பயப்படாதீங்க.

டேய் ஜெய், பக்கத்து சீட்டு ஆன்ட்டி துப்பட்டாவ விடு. எச்சில் ஆக்கிட்டான், சாரி சிஸ்டர். இப்ப எது கெடைச்சாலும் வாய்க்குத்தான். நேத்து இந்த எம்ஆர்டி ட்ரெயின் கம்பிய நக்கப் பாத்தான்.

இந்தப் பையா? வேப்பிலை. தேக்கா மார்க்கெட்டுல வாங்கிட்டு வர்றேன். எங்க மாமியார் ஐடியா. அரைச்சுத் தடவும்மா, ஒரு தடவ கசந்தா தன்னால விட்டுருவான், ஸ்ரீநாத்துக்கு அப்படித்தான் பால நிறுத்தினேன்னாங்க. ஸ்ரீநாத் என் வீட்டுக்காரர். இன்னிக்கு வரைக்கும் பாகற்காயப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. ஏன்னு இப்பதான் தெரியுது.

எல்லாம் பாத்தாச்சு சிஸ்டர். பல்லு மொளச்சதும் பல்லு கொழுக்கட்டை அவிச்சு, இவன் தலையில கொட்டி, போட்டோ எடுத்து... அன்னைக்கு எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம். கடி வாங்குறது மட்டும் நான் ஒருத்தி. ரப்பர் வளையம் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுக் குடுத்தேன், தூக்கி எறிஞ்சான். ஈரத்துணி குடுத்தேன், அதையும்தான். கிளினிக்குல நர்ஸ் சொல்றாங்க, கடிச்சா கத்தாதீங்க, சுண்டுவிரல வாயோரத்துல விட்டு மெதுவா எடுத்துருங்கன்னு. கத்தாம இருக்கணுமாம்! நான் போடுற கூச்சல்ல பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்ட்டி, நாங்க புருஷன் பொண்டாட்டி அடிச்சுக்கிறோம்னு நெனச்சுட்டாங்க. ஒரு டப்பா குவே, அவங்க பலகாரம், கொண்டுவந்து என் கையில குடுத்துட்டு, அவரை மொறைச்சு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க... பாவம் மனுஷன், அந்த குவேயத் தொடக்கூட இல்ல.

திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும். தஞ்சோங் பகார்ல ஆபீஸ், வீடு கிளமெண்டி. அதுக்குள்ள நிறுத்திரு, நிறுத்திருன்னு ஆளாளுக்கு ஒரே நச்சு. இன்னிக்குப் போய் அரைச்சுத் தடவிட்டா முடிஞ்சுது.

முடிஞ்சுதுதான். ஆனா... மனசு வரல சிஸ்டர். ஆபீஸ் போயிட்டா, சாயங்காலம் வந்து அவன மடியில போட்டுக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தானே எனக்கு. மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு அவன் என்னை விட்டு விலகுறத நெனச்சாலே முடியல. கடி வலிய விட இது பெருசா இருக்கு. என்ன பண்ண? அவன் கடிச்சா வலிக்குதே.

டேய், சாக்ஸக் கழட்டிட்டியா? எங்க அந்தக் குட்டிக் காலு? அம்மா கடிக்கட்டா? கடிக்கட்டா? ...ஆம்! பாருங்க, எப்படிச் சிரிக்கிறான். இதுன்னா இவனுக்கு உசுரு. குளிப்பாட்டினா காலு, டயப்பர் மாத்தினா காலு, தூங்கி எந்திரிச்சா கன்னம். நான் மட்டும் இல்ல, அவங்கப்பா, பாட்டி, எல்லாரும்தான். மொதல்ல மூஞ்சியப் பாக்கணும், அப்புறம் சிரிக்கணும், அப்புறம் நறுக்குனு...

என்ன சிஸ்டர், நீங்க சிரிக்கிறீங்க?

...என்ன கேட்டீங்க? இவன் கடிக்க யாருகிட்டக் கத்துக்கிட்டான்னா?

மூஞ்சியப் பாக்குறான். சிரிக்கிறான். அப்புறம்...

அடப்பாவி. இத்தன நாளா நீ என்னைக் கொஞ்சிக்கிட்டா இருந்த? நான் கத்திக்கிட்டு... அதுக்குப் போய்க் கசப்பு வாங்கிட்டு வந்திருக்கேன் பாருங்க.

எந்திரிச்சுட்டீங்க? இது ஸ்டீவன்ஸ்தானே, வீடு புக்கிட் பாஞ்சாங்னு சொன்னீங்க? ஓ, இங்க ஒரு வேலை இருக்கா? சரி சரி, மெதுவாப் போங்க. இருங்க, இந்தப் பைய எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேணாம். வாசல்ல சொருகி வைங்க, புள்ளைக்கு நல்லது. ஒண்ணே ஒண்ணு சிஸ்டர், பொறந்ததும் எப்படி வேணும்னாலும் கொஞ்சுங்க, காலை மட்டும் கடிச்சுப் பழக்காதீங்க...

போயிட்டாங்கடா. நல்ல ஆன்ட்டி.

இந்தா பாரு, இனிமே நம்ம வீட்டுல முத்தம் மட்டும்தான். பாட்டிக்கும் சொல்லிரணும், அப்பாக்கும் சொல்லிரணும். நீ கடிச்சா சுண்டுவிரல்தான், நான் கத்த மாட்டேன். புரிஞ்சுதா? என்ன சிரிப்பு?

எங்க, அந்த இன்னொரு காலக் குடு.