பனிமூட்டத்தில் ஒரு கடப்பாரை

...வரமுடியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாங்க தம்பி. அழைப்பிதழெல்லாம் அடிச்சாச்சு. ‘முதல் பிரதி பெறுபவர்: திருமதி ராக்கம்மா, கொலையுண்ட செல்லக்கண்ணுவின் துணைவியார்’னு பேரு போட்டே அடிச்சாச்சு. தேவாலா வரைக்கும் இந்த மழைல பஸ்ஸேறிப் போயி, சால்வை, பழமெல்லாம் வெச்சுக் கூப்பிட்டா... சித்தெ நவுந்து உக்காருங்க, ஜன்னல்ல தண்ணி அடிக்குது. நீங்க எங்க, ஊட்டிங்களா? நல்லதாப் போச்சு. நானும் ஊட்டிதான். பேசிட்டே போலாம்.

நல்லசாமிங்க. ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர். பூர்வீகம் தாராபுரம் பக்கம். நான் துப்புத் துலக்குன கேசையெல்லாம் புஸ்தகமாப் போட்டிருக்கறனுங்க, ‘பனிமூட்டத்தில் ஒரு கடப்பாரை’ன்னு. இந்தாங்க, புடிங்க. அட, சும்மா மடில வெச்சுக்குங்க, கடிக்காது. அட்டைல நிக்கறது நாந்தான். தொப்பி பழசு, போட்டோ புதுசு.

நான் மலைக்கு மாத்தலாகி வந்த புதுசுங்க. தேயிலத் தோட்டத்துல ஒருத்தன் வயித்துல குத்துப்பட்டுச் செத்துக் கெடக்கறான்னு தகவல். அவன்தான் செல்லக்கண்ணு. போயிப் பாத்தா, தொழிலாளிங்க லைன் வீட்டுல இருக்கற அத்தன பேரும் ஒரே பேச்சு, காட்டெரும குத்திருச்சு, காட்டெரும குத்திருச்சுன்னு. பாரஸ்ட் ரேஞ்சரும் அதையேதான் சொல்றாரு. பேப்பர எடுத்து எழுதவே ஆரம்பிச்சுட்டாரு. வேற எவனாச்சியும் இருந்தா கையெழுத்தப் போட்டுட்டு டீயக் குடிச்சுட்டுப் போயிருப்பான். நான் சுத்தியும் பாத்தனுங்க. காட்டெரும எத்தன பெருசு? அது வந்து குத்தியிருந்தா தேயிலச் செடி ஒண்ணாச்சும் ஒடிஞ்சிருக்கோணுமல்ல? ஒரு கெளை ஒடியல. பொணத்துக்கு அடில பொட்டு ரத்தமில்ல. எங்கியோ செத்தவனத் தூக்கியாந்து போட்டிருக்கறாங்க. தூக்கியாந்து போட்டா என்னுங்க அர்த்தம்? கொலெதான.

நீங்களாச்சும் தலையாட்டறீங்க. என்ற ஊட்டுக்காரி பாலாமணி ஆட்டமாட்டீங்கறா. ‘குத்துனதாச் சொன்ன கடப்பார கடேசி வரைக்கும் கெடைக்கவே இல்ல, அதப் போயிப் பேரா வெச்சிருக்கறீங்களே’ங்கறா. கெடைக்காததுனாலதானுங்க மர்மம். கெடச்சிருந்தா அது வெறும் இரும்பு. இதெல்லாம் அவளுக்கு எங்கீங்க புரியுது.

எங்க உட்டேன்? ஆமா, வேலன். செல்லக்கண்ணுவோட கூட்டாளி. அவன் சட்டைல தோள்பட்டைப் பக்கம் ரத்தம். உட்டுருவனா? ஸ்டேசனுக்குக் கூட்டியாந்து விசாரிக்கற மொறைல விசாரிச்சனுங்க. காட்டுக்குள்ள வெறகுக்குப் போன எடத்துல செத்துட்டான், நாந்தான் தோள்ல போட்டு இந்தப் பக்கம் தோட்டத்துக்குக் கொண்டாந்தேன்னு ஒத்துக்கிட்டான். அது பாதி. மீதி வரோணுமல்ல? இன்னும் கொஞ்சம் விசாரிச்சதுல நாந்தான் குத்துனேன்னு அதுவும் வந்துருச்சு. எதுலடா குத்துனே? கடப்பாரைலன்னான். கடப்பாரைங்கற வார்த்தைய மொதல்ல சொன்னது நாந்தான், அது வேற விசயம்.

கோர்ட்டுல டாக்டரு வந்து நின்னுட்டு, காயத்துக்குள்ள காட்டெரும மசுரு இருந்துச்சுங்கறாரு. கெட்டுது போங்க. வேலன உட்டுட்டாங்க. எனக்கு வரவேண்டிய புரமோசனும் அதோட போச்சு. ஆனா ஒண்ணு, பொணத்தக் காட்டுக்குள்ளயிருந்துதான் தூக்கியாந்தாங்கன்னு நான் சொன்னத ஜட்ஜு அப்படியே ஏத்துக்கிட்டாருங்க. தீர்ப்புலயே இருக்குது. அத அப்படியே புஸ்தகத்துல போட்டிருக்கறேன், கொட்டை எழுத்துல.

என்னுங்க கேட்டீங்க? எதுக்குத் தூக்கியாந்தாங்களா? அது இந்தப் பக்கத்துப் பழக்கமாமுங்க, எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. காட்டுக்குள்ள போயி மிருகம் அடிச்சுச் செத்தா நஷ்டஈடு கெடையாது, உள்ள ஏன் போனேன்னு கேசு வேற. தோட்டத்துல செத்தா குடும்பத்துக்குக் கெடைக்கும். அதனால ஒப்பாரி வெக்கறதுக்கு முன்னாடி பொணத்த எல்லையத் தாண்டிக் கொண்டாந்துருவாங்களாமா. ரேஞ்சருக்கும் தெரியுமாமா. கண்டும் காணாம எழுதிக் குடுத்துருவாராமா. எங்கிட்ட ஒருத்தனாச்சும் சொல்லோணுமல்ல? சொல்லியிருந்தாலும் உட்டிருக்க மாட்டேன், அது வேற.

நஷ்டஈடா? அதெப்படிங்க குடுப்பாங்க? காட்டுக்குள்ளதான் செத்தாருன்னு கோர்ட்டே சொல்லிருச்சல்ல. என்ற சாட்சியத்த வெச்சுத்தான் ராக்கம்மா மனுவத் தள்ளுனாங்க. கைக்கொழந்தயோட கொழுந்தெடுக்கப் போச்சு. முட்டி தேயற வரைக்கும் போச்சு. பாவந்தான், நான் இல்லீங்கல. அதுக்காக உண்மையக் கண்டுபிடிச்சவன் மேல கோவிச்சுக்கறதா?

ஆனா மரியாதெயில கொற வெக்கலீங்க. இன்னிக்குப் போனப்ப உக்காரச் சொல்லி டீ குடுத்தாங்க. வாசல்ல வேலன் இருந்தான். கெழடாயிட்டான், சோத்துக்கை தோளுக்கு மேல எந்திரிக்கறதில்ல. என்னயப் பாத்ததும் எந்திரிச்சு செவுத்தோட ஒண்டி நின்னுட்டான். நான் கெளம்பற வரைக்கும் உக்காரவேயில்ல. இந்தக் காலத்துல ஆருங்க அத்தன மரியாதெ குடுக்கறாங்க?

அந்தம்மா புஸ்தகத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துது. ‘எங்க வீட்டுக்காரர எது குத்துச்சுன்னு இதுல போட்டிருக்கு?’ன்னு கேட்டுது. கடப்பாரைன்னேன். ‘அப்ப நீங்க இன்னும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்ச பொறகு வந்து கூப்புடுங்க’ன்னு சால்வையத் திருப்பிக் குடுத்துருச்சு. எப்படி இருக்குது பாருங்க. எனக்கே துப்புச் சொல்லுது.

அது போகட்டும். ஞாயித்துக்கெழம மேடைல முதல் பிரதி வாங்க ஆளு வேணுமுங்க. நீங்க வாங்களேன். சால்வை கையிலதான் இருக்குது. செல்லக்கண்ணுவுக்குத் தம்பி மொறைன்னு சொல்லிக்கலாம், ஆரு போயி விசாரிக்கப் போறா... ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? இது நடுவட்டமுங்க. ஊட்டி இன்னும் தூரம் கெடக்குது. கொட்டற மழைல எங்கீங்க... ஏனுங்க... தம்பி...

ஏனுங்க கண்டக்டரு, அவன் ஊட்டிக்குத்தான டிக்கெட் எடுத்தான்? நெனச்சேன். ஊட்டிக்கு எடுத்தவன் நடுவட்டத்துல எறங்கி மழைல ஓடறான். போலீசுன்னு சொன்னப்பவே மூஞ்சி மாறுச்சுங்க, நான் கவனிச்சுட்டுத்தான் இருந்தேன். போகப் போக ஒரே நெளிச்சல். புஸ்தகத்தக்கூட எடுத்துட்டுப் போகல, அதுல என்ற அட்ரசு இருக்குதல்ல, பயம். எங்கியோ பெருசா என்னமோ பண்ணிட்டு வந்திருக்கறான். நீங்க சித்தெ இப்படி உக்காருங்க கண்டக்டரு, இத்தன வருச சர்வீசுல என்ற கண்ணுல ஒருத்தன் தப்பிச்சதில்ல. பேரத்தான் கேக்காம உட்டுட்டேன்.