பேர்னாட் மாமாவின் மிதி பிரஸ்

பிற்பகல் மூன்று மணி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீடுகள் நெருங்கிய ஓர் ஒழுங்கை. ஒரு நாயைத் தவிர வேறு சீவன் இல்லை...

சிரிக்காதே மிதுஷன். பேய் இருட்டில் மட்டும்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? போன் வெளிச்சத்தை அணை. கரண்ட் வரும்வரை இந்த மொட்டைமாடியில் எங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

என்னோடு கொள்ளுப்பிட்டியில் வேலை செய்யும் செலீனின் தாய்மாமன் பேர்னாட்டுக்கு நடந்தது இது. துறைமுகத்தில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் இரும்புச் சாமான்களை அமத்திப் பொருத்துகிற பிரஸ் ஒன்றைச் சொந்தமாகச் செய்து வைத்திருந்தார். இரண்டு இரும்புத் தூண், மேலே ஒரு குறுக்குச் சட்டம், நடுவே லொறி தூக்குகிற இருபது தொன் ஜக். ஜக்கின் கைபிடியை அடித்தால் தடித்த தகடு ஒன்று கீழே இறங்கும். திருகைத் திறந்துவிட்டால் ஸ்பிரிங் இழுத்து மேலே ஏறும். அவ்வளவுதான்.

மனிதருக்குக் கை சும்மா இருக்காதே. ஜக்கின் கைபிடியைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கிற பெடல் பூட்டினார். அப்போது இரண்டு கையாலும் சாமானைப் பிடிக்கலாமாம். அதற்காக ஜக்கைத் திருப்பியதில் திருகு சுவர்ப் பக்கம் போய்விட்டது. பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

அன்று போன வருஷப் பெரிய வெள்ளி. அந்தப் பக்கத்தில் அன்றைக்கு யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். ஆணி அடித்தால் ஆண்டவரின் கையில் அடித்தது போல. கோயிலுக்குப் புறப்பட்ட செலீன் கெஞ்சினாள்.

"மாமா, இண்டைக்கு மட்டும் வேண்டாம். நாளைக்குச் செய்யுங்கோ."

"நான் அடிக்கேல்லையே பிள்ளை. சத்தமில்லாமல் அமத்துறன். அதுக்கு ஆர் தடை போட்டது?"

பெரிய கெட்டிக்காரர்...

மூன்று மணி. புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்று கோணாமல் இருக்க வலது கையால் பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்தார். கிறீச்... டக். தகடு புறங்கையைத் தொட்டது. காலை எடுத்தார்.

கிறீச்... டக்.

குனிந்து பார்த்தார். பெடல் தானாகக் கீழே போய், தானாக மேலே வந்தது. கையை இழுத்தார். வரவில்லை. அப்போதுதான் அணைத்த மெழுகுதிரியின் மணம்... அந்தக் கொட்டிலில் மெழுகுதிரியே இல்லை. இடது கையை ஜக்குக்குப் பின்னால் நீட்டினார். திருகுக்கு இன்னும் நான்கு விரல் தூரம். பெடலுக்குக் கீழே காலைக் கொடுத்துத் தடுக்கப் பார்த்தார். செருப்போடு சேர்த்து நசித்தது. கத்தினார். யாருக்குக் கேட்கும்? ஒழுங்கை முழுதும் கோயிலில்.

"ஆரது...? என்ரை வலக்கை அது... விடுங்கோ... இதாலதானே நான் உழைச்சுச் சாப்பிடுறனான்..."

கிறீச்... டக். அதற்கு ஓர் அவசரமும் இல்லை.

செலீன் வந்து திருகைத் திறந்தபோது நாலரை. ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

ஆனால் செலீன் வீட்டில் யாருக்கும் சொல்லாததை எனக்குச் சொன்னாள். அதே மூன்று மணிக்குக் கோயிலில் யேசுவின் பாடுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளுடைய வலது கால் தரையை மிதிக்கத் தொடங்கியது. மெல்ல... ஒரே தாளத்தில்... பக்கத்தில் நின்ற சிநேகிதி ஷெரோமி அதட்டினாள்.

"காலை ஆட்டாதையடி, சனம் பாக்குது."

செலீனால் நிறுத்த முடியவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். அப்படியும் கால் மிதித்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பெடலைப் பார்த்த பிறகுதான் தன் கால் எதை மிதித்தது என்று அவளுக்கு விளங்கியது.

பிரஸைப் பழைய இரும்பு வாங்க வந்தவன் ஒருவனுக்கு அந்த வாரமே தள்ளிவிட்டார்கள். கழற்றக்கூட இல்லை, முழுதாக லொறியில் ஏற்றிப் போனான்.

இந்த வருஷப் பெரிய வெள்ளி. பேர்னாட் மாமா செலீனுக்குப் பக்கத்திலேயே நின்றார். பாடுகளின் வாசிப்புத் தொடங்கியது. அவளுடைய கால் அசைந்தது...

மாமா குனிந்து பார்த்தார். அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். அவள் காதருகே கேட்டார்.

"அந்தப் பிரஸை ஆருக்குக் குடுத்தனாங்கள், பிள்ளை?"

செலீனுக்குத் தெரியாது. கால் மிதித்துக்கொண்டே இருந்தது.