பத்துல ஒம்போது ஆம்பள

…அதத்தான் தம்பி நானும் சொல்றேன், படிச்சிட்டா மட்டும் மீன் வளத்துட முடியுமா? நீங்க ஹீட்டரப் பிரிங்க, பிரிச்சுக்கிட்டே கேளுங்க. அந்தத் தொட்டியில கெடக்குதே, அத்தனையும் ஆம்பள. நேத்து மொதலாளி முன்னாடி பத்து மீன அறுத்துப் பாத்தோம். பத்துல ஒம்போது ஆம்பள. ஒண்ணே ஒண்ணு பொட்ட, அதுவும் அந்த மூலையில இருக்கற தொட்டியிலேருந்து புடிச்சது. பாத்து, திருகாணிய தண்ணியில போட்றாதீங்க. போன தடவ வந்த ஆளு போட்டுட்டு என்னையக் குதிச்சு எடுக்கச் சொன்னான்.

ஆம்பளன்னா என்ன கொறச்சல்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த மீன்ல பொட்டதான் தம்பி தளதளன்னு வளரும். ஆம்பளைக்கு எவ்ளோ தீனி போட்டாலும் பாதியில நின்னுடும். எங்க வீட்டு மாப்பிள்ள மாதிரின்னு வச்சுக்கங்க. யாபாரி வந்தான், பாத்தான், மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போய்ட்டான். ஒரு வருஷத்துத் தீனி தண்ணியோட போச்சு.

எல்லாம் எங்க டாக்டரம்மா செஞ்ச வேல. ஊசி போடற டாக்டர் இல்ல, மீனுக்குப் பரம்பரை பாக்கற டாக்டர். வேற யாருமில்ல, எங்க அண்ணன் பொண்ணுதான். என் தோள்ல ஒக்காந்து சட்டைய நனைச்ச கழுத, இப்ப எனக்கு மேலதிகாரி. "சித்தப்பா, கையக் கழுவிட்டு வலையத் தொடுங்க"ங்கறா. என்கிட்ட… இந்தத் தண்ணியிலயே ஊறிப்போனவன்கிட்ட.

வந்தவ என்ன பண்ணா? ஒவ்வொரு தாய் மீனுக்கும், ஒவ்வொரு தகப்பன் மீனுக்கும் துடுப்புல துளியூண்டு வெட்டி எடுத்தா. எந்த ஜோடிக்குப் பொட்டக் குஞ்சு அதிகமாப் பொறக்கும்னு பாக்கறாளாம். கல்யாணத் தரகர் தோத்தாரு போங்க. மனுசன்ல பொண்ணா பையனாங்கறது அப்பன் பக்கத்துலேருந்து வருமாம். இந்த மீன்ல அப்படி ஒத்த ஆளு கையில இல்லையாம். தாய்கிட்டேருந்து கொஞ்சம், தகப்பன்கிட்டேருந்து கொஞ்சம், எல்லாம் சேந்து தராசு மாதிரி ஒரு பக்கம் சாயுமாம். சாயட்டும், யார் வேணாங்கறா?

அதோட விட்டாளா? மிச்சத்தத் தண்ணிச் சூடு முடிவு பண்ணுமாம். குஞ்சா இருக்கறப்ப தண்ணி குளுந்தே இருக்கணும், சூடு ஏறுனா பொட்டையாக வேண்டியதெல்லாம் ஆம்பளையாயிடும்ங்கறா. கேட்டீங்களா இந்தக் கூத்த? தெனமும் வெந்நீர்ல குளிக்கறா என் பொண்டாட்டி, இந்நேரம் அவளுக்கு மீச மொளச்சிருக்கணுமேன்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்ல தம்பி. முட்ட பொரிஞ்சதும் அவ கடலோரம் தாய் மீன் புடிக்கப் போயிடுவா, ரெண்டு மாசம் குஞ்சு என் பொறுப்பு. "அந்த ஹீட்டர் திருகத் தொடாதீங்க சித்தப்பா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்"னுட்டுப் போனா. பெரிய நம்பிக்க.

நேத்து மொதலாளி கேட்டாரு, ஜோடி சேத்தது யாருன்னு. "நாந்தான்"னா அவ. தண்ணி குளுந்துதான் இருந்துச்சான்னு கேட்டாரு. "சித்தப்பா பாத்துக்கிட்டாரு, அதுல தப்பிருக்காது"ன்னுட்டா. அப்பத் தப்பு யாரோடது? இவ சேத்த ஜோடியோடது. இந்தா, இப்ப ஆபீஸ்ல அவ முன்னாடி ஒக்காந்துதான் பேசிக்கிட்டிருக்காரு. வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அனுப்பட்டும்… அப்பவாவது பெரியவங்க பேச்சக் கேக்கப் புத்தி வரும்.

என்ன தம்பி? காயில் கருகிப்போச்சா? அளவுக்கு மேல ஓட்டியிருக்கா? ஓட்டாம பின்ன? நாந்தான் ஏத்தி வச்சேன். போன குளிருக்கும் ஏத்துனேன், இந்தக் குளிருக்கும் ஏத்துனேன். அவ வச்ச சூட்டுல குஞ்சுங்க சொரணையே இல்லாம அடியில கெடந்துச்சு. பாவம் பாத்து நாலு டிகிரி கூட்டுனேன். என்னமாத் துள்ளுச்சுங்கறீங்க! எனக்கும் இந்த முட்டிவலிக்கு இதமா இருந்துச்சு, அத விடுங்க. போன வருஷம் அவ திரும்பி வர்றதுக்குள்ள எறக்கி வச்சிட்டேன். இந்த வருஷம் அதுக்கும் வேல இல்ல, ஹீட்டரே படுத்துடுச்சு. நான் என்ன கேனையனா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

என்ன… நாந்தான் இப்ப சொன்னேனா? சூடு ஏறுனா ஆம்பளையாயிடும்னா? அது அவ சொன்னது தம்பி. அவ சொல்றதெல்லாம் நடந்துடுமா? சும்மா நாலு டிகிரி… நாலு டிகிரிக்குப் போய்… அப்படிப் பாத்தா அந்த ஒத்தப் பொட்ட எங்கேருந்து வந்துச்சாம்? மூலத் தொட்டியிலேருந்து. மூலத் தொட்டிக்கு…

மூலத் தொட்டிக்கு இந்த ஹீட்டர் கொழாய் எட்டாது.

சரி, சரி. நமக்குள்ள இருக்கட்டும் தம்பி. காயில் பழசு, தானா கருகிடுச்சுன்னு சொல்லிடுங்க. சொல்லுவீங்கல்ல? எங்க எந்திரிக்கறீங்க? பெட்டிய விட்டுட்டு எங்க போறீங்க? அது ஆபீஸுக்குப் போற கதவு… தம்பி, உங்களத்தான். வெளிய போற வழி இந்தப் பக்கம்…

போய்ட்டான். தலையத் தூக்காம வேல பாத்தப்பவே நெனச்சேன், இவன் ஆளு சரியில்லன்னு.

தொட்டிக்குள்ளேருந்து நீங்க என்னடா மொறைக்கறீங்க, தடிப்பசங்களா? ஒங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்தக் கழுத என்னையத்தானே நம்பித் தொலச்சா.