சத்து மாத்திரை டப்பா

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடும், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லும் பழக்கமே எனக்குக் கிடையாது. எங்கள் சபையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். மருந்துக்கடைக்காரர் யாரைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார் என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் வாயை மூடிப் பார்த்ததில்லை என்பதால் நான் தனியாகத் தெரிந்திருப்பேன்.

நீங்கள் கேட்டது என் தங்கை கணவரின் சாவைப் பற்றி. சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் போதகர் நல்ல மனிதர். அதாவது, வேறு எந்த வேலைக்கும் லாயக்கில்லாத மனிதர். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே விஷயத்தைப் பிரசங்கித்தார். கூட இருக்கும் விசுவாசி வழுக்கி விழுந்தால் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள், அன்போடு கைகொடுத்து எழுப்புங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆராதனை முடிந்து வெளிவாசலைத் தாண்டுவதற்குள் தபால்காரர் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"தையல்காரருக்காக நாம எல்லாரும் ஜெபிக்கணும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க. பாவம், நான் சொல்லமாட்டேன்."

கேட்டார்கள். சொன்னாள். இதுதான் இவர்கள் செய்யும் உதவி. ஒருவனுடைய குறையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கடைசியில் ஆமென் போட்டு மூடிவிடுவார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. போதகர் சொன்னதை அந்தக் கட்டடத்தில் ஒருவன்தான் காதில் வாங்கினான். அவன் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

தையல்காரரின் குறை எனக்கு வெகுநாளாகவே தெரியும். இருமல் இல்லாமல் இருமல் மருந்து வாங்குகிறவரை மருந்துக்கடைக்காரனுக்கா தெரியாது? நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவருக்குக் கொடுக்கும் பாட்டிலில் மருந்தைக் குறைத்துச் சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் வெறும் பாகைக் குடித்துவிட்டு, கை நடுங்காமல் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஞாயிறு சபையில் எழுந்து, ஆண்டவர் தன்னை விடுவித்துவிட்டார் என்று தேம்பித் தேம்பி அழுதார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். என்னைப் பற்றிய பேச்சே வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதனால் என்ன வந்துவிட்டது?

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

அவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சபையில் பாடகர் குழுத் தலைவர். குரல் நன்றாக இருக்கும், அதை அவரே சொல்வார். சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் வராது, விட்டால் வரும். அதனால் சாரத்தில் ஏறமாட்டார், உள்சுவர் வேலைதான் பார்ப்பார். ஒரு ஞாயிறு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் சுகமாயிட்டேன். இனிமே ஒரு மாத்திரையக்கூடத் தொடமாட்டேன்" என்றார். ஒரே கைதட்டல். முன்வரிசையில் என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றார்.

"மச்சான், வழக்கமா குடுக்கறதக் குடுத்துடுங்க. ஆனா அட்டையா வேணாம். அட்டையில பேர் போட்டிருக்கும். எவனாவது பாத்துத் தொலைப்பான்."

"வேற எப்படிக் குடுக்கறது மாப்பிள்ளை?"

"அதோ, அந்தச் சத்து மாத்திரை டப்பா இருக்குல்ல, அதுல பிரிச்சுப் போட்டுக் குடுங்க. பாக்கறவங்க உடம்புக்குச் சத்துதானேன்னு போயிடுவாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, வலிப்பு மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டுக் கொடுத்தேன். மாதாமாதம் இதே வேலை. ஞாயிறானால் இரண்டு பாட்டுக்கு நடுவில் தான் சுகமான கதையைச் சொல்வார். கதை வாரத்துக்கு வாரம் சதை போட்டது. முதலில் தலையில் சூடு ஏறியது என்றார், பிறகு ஒரு குரல் கேட்டது என்றார், கடைசியில் ஒரு வெளிச்சமும் வந்து சேர்ந்தது.

நான் போதகரிடம் போயிருக்கலாம். தபால்காரர் மனைவியிடம் ஒரு வார்த்தை போட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் அவர் மானம் கப்பலேறியிருக்கும். செய்யவில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் என்னைப் பாடகர் குழுவிலிருந்து விலக்கியதை யாராவது உங்களிடம் ஓதியிருப்பார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரலுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுப்போம்" என்றார். தோளில் கைபோட்டு, யார் காதிலும் விழாமல், அத்தனை அன்பாக. போதகர் கேட்டிருந்தால் பூரித்திருப்பார். அந்தக் கொஞ்ச நாள் அதற்குப் பிறகு முடியவே இல்லை. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சபைக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை எழுந்து, தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். கோபுரத்தையும் சேர்த்து. "சுகமானவனுக்குச் சாரத்துல ஏற என்ன பயம்?" என்று மைக்கிலேயே கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவு பிறந்தது. இந்த மனிதருக்கு வலிப்பு ஒரு குறையே இல்லை. அவருடைய குறை பொய். மாத்திரையைத் தொடமாட்டேன் என்று ஊரறியச் சொன்னார். தொடாமல் இருந்துவிட்டால் அது பொய்யே இல்லை. அவர் மனம் நோகாமல், அவருக்கே தெரியாமல், அவரை உண்மை பேசுகிறவராக ஆக்க ஒரு ஆளால் முடியும்.

அடுத்த முறை அவர் வந்தபோது டப்பாவின் சீலை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே நீட்டினேன். வெளியே என்ன எழுதியிருந்ததோ, அதுதான் உள்ளேயும் இருந்தது. அவர் கையில் கொட்டிப் பார்த்தார்.

"வேற மாதிரி இருக்கே மச்சான்?"

"இதுதான் உங்களுக்கு நல்லது மாப்பிள்ளை."

"நீங்க சொன்னா சரிதான்" என்று திரும்ப டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சில வாரம் கழித்துத் தங்கை கடைக்கு ஓடிவந்தாள். கல்லாவுக்குப் பின்னால் வந்து, குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, அவருக்குத் திரும்ப வந்துடுச்சு. குளியலறையில விழுந்துட்டாரு. நாக்கக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம்."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"டாக்டர் வீட்டம்மா நம்ம சபைதானே. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு வரமாட்டேங்கறாரு. நாளைக்குக் கோபுரத்துல ஏறப்போறேங்கறாரு அண்ணா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீதான் ஏதாவது பண்ணணும்."

முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நாடகத்தில் கூட நடித்தவள் இவள்தான் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தாலும் கூடப்பிறந்தவள். தலையைத் தடவிக்கொடுத்தேன். இனிமேல் வேளைக்கு இரண்டாகப் போடச் சொல் என்று இன்னொரு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். "உன்னை விட்டா எங்களுக்கு யாரு அண்ணா இருக்கா" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை எல்லோரும் சபைக்கு வந்திருந்தார்கள். தையல்காரர் சாரத்தின் மேல்தட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாடகர் குழு கீழே மணலில் நின்று பாடியது. அதுவும் ஒரு உதவி என்று நினைப்பு. ஏணியைப் பிடித்துக்கொள்ள நானே முன்வந்தேன். மாப்பிள்ளை மேலிருந்து பாடிக்கொண்டே அடித்தார். நல்ல வெயில். சுவரில் பாதிதான் வெள்ளையாகியிருந்தது.

நடுவில் அவர் குரல் மட்டும் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பிரஷ் பிடித்த கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் சுவரிலேயே குத்திட்டு நின்றது. அவருக்கு எப்படி ஆரம்பிக்கும் என்பது எனக்குத் தெரியும், ஒரு தடவை என் வீட்டுக் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். முதலில் கை இழுக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் விழுவார். தையல்காரர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாளிக்கு மேல் எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் மணலில் கிடந்ததை நீங்களே இடத்துக்கு வந்து பார்த்தீர்கள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, தங்கை அந்த டப்பாவை டாக்டரிடம் கொண்டுபோய், இத்தனை போட்டும் வலிப்பு ஏன் நிற்கவில்லை என்று கேட்டாளாம். அவர் ஒரு மாத்திரையை உடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது சத்து மாத்திரைதானேம்மா" என்றாராம். டப்பாவின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டுபிடிக்க இத்தனை படிப்பு வேண்டியிருக்கிறது. அங்கிருந்து அவள் நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் எப்போதுமே அவசரக்காரி.

ஆமாம், ஐயா. மாத்திரையை மாற்றியது நான்தான். அவருக்கு வலிப்பு திரும்பியது தெரிந்தும் ஏறவிட்டது நான்தான். கை இழுப்பதைப் பார்த்ததும் நான்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால் தையல்காரர் பிடித்திருப்பாரே, ஏன் போடவில்லை என்று மறுபடியும் கேட்கிறீர்கள். கீழே சபையே நின்றுகொண்டிருந்தது. "மாப்பிள்ளை, வலிப்பு வருது, உக்காருங்க" என்று அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி ஒருவருடைய குறையைப் போட்டு உடைப்பதா? என்னால் முடியாது. நான் அப்படி வளர்க்கப்படவில்லை.

அடக்க ஆராதனையில் பாடகர் குழுவை நடத்த ஆளில்லை. நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். எல்லாப் பாட்டையும் நானே எடுத்துப் பாடினேன். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.